பதினெட்டு நிமிடம்

28 செப்டம்பர் 2024, சனி

தஞ்சாவூரில் ராத்திரி ஆட்டம், 'மெய்யழகன்'. வீட்டைப் பறிகொடுத்து ஊரைவிட்டுப் போனவன் 22 வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு வருகிறான்; பெயரே ஞாபகம் வராத உறவுக்காரனோடு ராத்திரி முழுக்கப் பேசுகிறான். அவ்வளவுதான் கதை. அந்தப் பழைய சைக்கிள் விஷயம் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதே நேரம் முன்வரிசையிலிருந்து "போதும்ப்பா, முடிங்க" என்று ஒரு குரல், அதற்குச் சிரிப்பு வேறு. பக்கத்து சீட் பையன் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருந்தான். அந்த வெளிச்சம் என் சட்டையில் நீலமும் சிவப்புமாக மாறிமாறி விழுந்தது. வருத்தமாக இருந்தது.

1 அக்டோபர், செவ்வாய்

படத்தில் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எழுதி எடுத்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜனங்களை மட்டும் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. பெரிய படங்கள் பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்லோமோஷன் நடை, காதைக் கிழிக்கிற பின்னணி இசை என்று வருஷக்கணக்கில் பழக்கிவிட்டன. முதல் மூன்று நாள் வசூல்தான் எல்லாம் என்று ஆனபிறகு, மெதுவாகப் பேசுகிற படத்துக்கு யார் காத்திருப்பார்கள்?

6 அக்டோபர், ஞாயிறு

அம்மாவோடு உட்கார்ந்து 'உதிரிப்பூக்கள்' போட்டேன். 1979-இல் மகேந்திரன் எடுத்தது. அம்மா அதை டூரிங் டாக்கீஸில், மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவள். பட்டணத்தில் ஓடி முடித்த பெட்டிதான் எங்கள் ஊர்ப் பக்கம் வருமாம். "நல்லாருக்குன்னு நாலு பேரு சொல்லித்தான்டா போவோம்" என்றாள். சொல்லிப் பரவ அப்போது படத்துக்கு நாள் கிடைத்தது. இன்று எல்லா ஊரிலும் ஒரே நாளில் வந்து, திங்கட்கிழமையே ஆட்டத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். "1.5 ஸ்பீடுல வைங்கப்பா" என்றாள். வைக்கவில்லை. அவள் எதையும் அந்த வேகத்தில்தான் பார்க்கிறாள், சிரிப்பு வருவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கடைசிக் காட்சி. ஊரே ஆற்றங்கரையில் நிற்க, கொடுமைக்காரக் கணவனாக நடித்த விஜயன் தானாகத் தண்ணீரில் இறங்குகிறார். "ஏன் யாருமே அவர அடிக்கல?" என்று மகள் கேட்டாள்.

"அடிச்சிருந்தா அவனுக்கு எவ்வளவோ லேசாப் போயிருக்கும்டி" என்றாள் அம்மா. இருவரும் அரைமணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டிவியை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

10-ஆம் தேதி ரஜினியின் 'வேட்டையன்' வருகிறது. அதற்குமுன் இங்கே 'மெய்யழகன்' ஒரே ஒரு ஆட்டமாவது இருக்கும். செவ்வாய்க்கிழமைக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன்.