"கடுக்குது மகள்"

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அம்மா. கர்ப்பப்பை எடுத்து ஐந்தாம் நாள். காலையில் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போகையில், வாட்டுத் தாதியான என்னோடு நின்ற மாணவத் தாதியிடம் சொன்னார்: "ராத்திரி முழுக்க இடது கால் கடுக்குது மகள்." பிள்ளை 'கால்வலி' என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மாவின் மகள் தைலப் போத்தலைத் திறந்து கெண்டைக்காலில் கை வைத்தாள். "தேய்க்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்டே திரும்பிப் பார்த்தது.

அதற்கு முந்திய வாரம்தான் அதே பிள்ளை வகுப்புப் பரீட்சையில் டி.வி.டி. (DVT) என்ற ஆழ்நாளக் குருதியுறைவு பற்றி ஒரு பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு படுத்தே கிடப்பவரின் கால் நாளத்தில் குருதி உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கும், சுடும், நோகும். உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அந்தக் காலைத் தேய்த்துவிடக் கூடாது. எல்லாம் அவளுக்குத் தெரியும், ஆங்கிலத்தில். கட்டிலிலிருந்து வந்ததோ 'கடுக்குது' என்ற சொல். இரண்டும் அவளுக்குள் சந்திக்கவில்லை.

வாட்டில் அளவுநாடா இல்லை. பண்டேஜ் துண்டொன்றை எடுத்து, முழங்காலுக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே, இரண்டு காலிலும் சுற்றிப் பேனாவால் குறித்தோம். அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தபோது 4 சென்ரிமீற்றர் வித்தியாசம். 3 வந்தாலே சந்தேகிக்க வேண்டும். டொக்டரைக் கூப்பிட்டோம். ஸ்கேனில் கட்டி தெரிந்தது, குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைத் தொடங்கினார்கள். அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார்.

படிப்புக்கும் வாட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பற்றிப் பேச்செடுத்தால் பொருள் தட்டுப்பாட்டைத்தான் முதலில் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடியில் கையுறையை எண்ணி எண்ணி எடுத்தவர்கள் நாங்கள். ஆனால் அன்றைக்கு பண்டேஜும் அடிமட்டமும் போதுமாக இருந்தன. இல்லாமற்போனது, படித்ததையும் கேட்டதையும் கட்டிலருகே நின்று முடிச்சுப் போட்டுவிடும் ஓர் ஆள்.

எனக்கு அந்த முடிச்சு விழுந்தது தற்செயலாக. மூன்று வருட டிப்ளோமா முடித்து வேலையில் இருந்தபோது, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வேலை செய்யும் தாதியருக்காக 1994 இல் தொடங்கிய படிப்பு. விடுமுறை நாளில் நாவலயில் வகுப்பு, மறுநாள் காலை டியூட்டி. முதல்நாள் கேட்ட பாடம் மறுநாள் கட்டிலில் படுத்திருக்கும். எங்கள் மாணவிகளுக்கு அப்படி வாய்ப்பதில்லை. டியூட்டர் கல்லூரியில் இருப்பார். பாடம் நடந்து மாதங்கள் கழித்துப் பிள்ளை வாட்டுக்கு வரும்போது, நாங்கள் மருந்து கொடுக்கவே நேரம் போதாமல் ஓடிக்கொண்டிருப்போம். உலகில் 59 இலட்சம் தாதியர் குறைவு, அதில் 89 வீதம் குறைந்த வருமான, கீழ்-நடுத்தர வருமான நாடுகளில் என்று 2020 இல் உலக சுகாதார அமைப்பு கணக்குச் சொன்னது. அந்தக் குறை எங்கள் வாட்டில் இப்படித்தான் தெரிகிறது: மாணவிக்கு விளக்கிச் சொல்ல நின்றால் அடுத்த கட்டிலின் ஊசி பிந்திவிடும். கற்பிப்பதை வாட்டுத் தாதியின் வேலையாகவே எண்ணி அதற்கென நேரம் ஒதுக்க வேண்டும், டியூட்டர்கள் வாரத்தில் ஒரு நாளாவது வாட்டில் நிற்க வேண்டும் என்று நான் கூட்டம் தவறாமல் கேட்டு வருகிறேன்.

அதுவரை பத்து நிமிடம் திருடுகிறேன். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதச் சொல்கிறேன். குத்துது, எரியுது, உளையுது, விண் விண் என்று தெறிக்குது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அவர்களே நிரப்ப வேண்டும். குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் அதற்கு.

போன வாரம் இன்னொரு மாணவி ஓடி வந்தாள். "மிஸ், ஏழாம் கட்டில் ஆச்சி நெஞ்சு கரிக்குது எண்டு சொல்றா. கரிக்கிறது எண்டா வெறும் எரிவா, இறுக்கமா?"

"வா, அவவிட்டயே கேப்பம். வரேக்க ஈ.சி.ஜி. மெசினையும் தள்ளிக்கொண்டு வா."