பள்ளி முதல்வர் பணிக்கான பயிற்சி: ஒரு சாட்ஸ்வொர்த் ஆசிரியையின் அனுபவம்

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் கணித ஆசிரியையாகவும் பின்னர் பாடத்துறைத் தலைவராகவும் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகே, பள்ளித் தலைமைக்கும் மேலாண்மைக்குமான மேனிலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். தென்னாப்பிரிக்காவில் முதல்வர் பதவிக்கு விண்ணப்பிக்க உரிய கல்வித் தகுதியும், ஆசிரியர் மன்றப் பதிவும், 7 ஆண்டு அனுபவமும் இருந்தால் போதும். இந்தப் பட்டயம் கட்டாயமில்லை. ஆகவே, ‘இந்த வயதில் உனக்கு எதற்கு இந்தப் பாடு?’ என்று வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் கேட்டவர்கள் உண்டு. நல்ல ஆசிரியர் தானாகவே நல்ல முதல்வராகிவிடுவார் என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்னும் வலுவாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பயிற்சியின் ஒரு பகுதி சட்டமும் கணக்கும். 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்தோம். கட்டண விலக்கைக் கணக்கிடும் முறைதான் எனக்கு உடனடியாகப் பயன்பட்டது. பள்ளிக் கட்டணம் பெற்றோரின் ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காட்டை எட்டினால் முழு விலக்கு. 2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் விலக்கு இல்லை. இடைப்பட்டவர்களுக்குப் பகுதி விலக்கு. கட்டணம் பாக்கி என்பதற்காக ஒரு குழந்தையின் மதிப்பெண் அறிக்கையை நிறுத்திவைக்க முடியாது என்பதைப் பல பெற்றோர் அறியாமலே இருக்கிறார்கள். இவையெல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும்.

வராதது வேறு. முதல்வர்களுக்கான தேசியத் தரநிலை 2016இல் அரசிதழில் வெளியானது. அது வகுத்த எட்டுப் பொறுப்புகளில் முதலாவது, கற்பித்தலையும் கற்றலையும் வழிநடத்துவது. அதற்கு மற்றொருவர் வகுப்பில் போய் உட்கார வேண்டும். எங்கள் நாட்டில் இது எளிய செயலன்று. நிறவெறி ஆட்சிக் காலத்து ஆய்வாளர்கள் வகுப்பறைக்குள் நுழைந்தது குறை கண்டுபிடிக்கவும் வேவு பார்க்கவும்தான் என்ற நினைவு மூத்த ஆசிரியர்களிடம் இன்றும் மறையவில்லை; 1980களின் இறுதியில் பல பள்ளிகளில் ஆய்வாளர்களை உள்ளேயே விடவில்லை. கையில் குறிப்பேட்டுடன் கடைசி வரிசையில் உட்காரும் எவரும் அந்தப் பழைய நிழலைச் சுமந்துகொண்டுதான் உட்காருகிறார்.

எனக்கு வழிகாட்டியாக அமைந்தவர் ஓய்வுபெற்ற முதல்வர் ஒருவர். என் முதல் குறிப்புகளைப் பார்த்ததும், “அம்மா, பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். உங்கள் அபிப்பிராயம் வலப்பக்கம். அந்த ஆசிரியரிடம் பேசி முடிக்கும்வரை வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும்” என்றார். “ஐயா, அபிப்பிராயம் இல்லாமல் எப்படிப் பேசுவது?” என்று கேட்டேன். “இடப்பக்கத்தை அவர் கையில் கொடுங்கள், அவரே பேசுவார்” என்றார்.

என்னைவிட மூத்தவரான ஓர் அக்காவின் நான்காம் வகுப்பில் பின்னப் பாடத்தைக் கவனித்தபோது அப்படியே செய்தேன். எந்தக் கேள்விக்கு யார் கை தூக்கினார், எந்தப் பிள்ளை விடை சொன்னது என்பதை மட்டும் எழுதினேன். ஆங்கில வழி வகுப்பானாலும், பின்வரிசைகளில் இருந்த பலருக்கு வீட்டு மொழி சூலு. நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டதும் அவர்கள் தமக்குள் சூலுவில் சரியான விடையைச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் கை தூக்கவில்லை. பாடம் முடிந்ததும் தாளை அக்காவிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “விடை தெரிந்துமா பேசாமல் இருந்தார்கள்?” என்று கேட்டார். அடுத்த பாடத்தில், முதலில் இருவர் இருவராகத் தங்கள் மொழியில் பேசிக்கொள்ளவும் பிறகு ஆங்கிலத்தில் சொல்லவும் அவரே ஏற்பாடு செய்தார். நான் எந்த யோசனையும் சொல்லவில்லை. எல்லாரிடமும் இது இப்படி நடந்துவிடாது. தாளை வாங்கிப் பார்க்காமலேயே மேசையில் போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களோடு பேசுவதற்கு ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது.

பயிற்சியின் இறுதியில், செய்த பணிகளின் சான்றுகளைத் தொகுத்து ஒப்படைக்க வேண்டும். கூட்டக் குறிப்புகள், வரவுசெலவுத் திட்டம், வகுப்பு நோக்கல் தாள்கள் ஆகிய அனைத்தையும் தேதியிட்டு அவ்வப்போதே கோப்பில் சேர்த்துவிடுவது நல்லது. கடைசி மாதத்தில் அவற்றைத் தேடி அலைந்தவர்கள் பட்ட பாட்டை நேரில் கண்டேன்.

பிறகு துணை முதல்வர் பதவிக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலை நடத்தியது பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி ஆளுகைக் குழு சார்பில் அமைந்த குழு. கட்டடம், பாதுகாப்பு, நிதி திரட்டல் பற்றியே பெரும்பாலும் கேட்டார்கள். ஒரு தாய் மட்டும், “சரியாகப் பாடம் நடத்தாத ஆசிரியரை என்ன செய்வீர்கள்?” என்றார். இரண்டாகப் பிரித்த அந்தக் குறிப்புத் தாளை விளக்கினேன். அந்தப் பதவிக்கு என்னைப் பரிந்துரைத்தார்கள். கல்வித் துறையும் நியமித்தது. இப்போது பள்ளியின் கால அட்டவணையிலேயே வகுப்பு நோக்கலுக்கென நேரம் ஒதுக்கியிருக்கிறேன். வட்டார அலுவலகத்தின் அவசர அழைப்புகள் அதை அடிக்கடி விழுங்கிவிடுகின்றன. விழுங்கிய நேரத்தை அதே வாரத்தில் வேறொரு நாளில் எடுத்துக்கொள்கிறேன்.