தண்ணி சத்தம் எந்தக் காதுல?

கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக ஜீப்பில் ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. இது ஒன்பதாவது வருஷம்.

சேர்ந்த புதிதில் ஒரு ஆடி மாதம், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. ஏலச்செடி ஆளை விட உயரம். நல்ல வெயில் நாளிலேயே உள்ளே போனால் தட்டையும் இலையும்தான் தெரியும். நான் நின்றது மேட்டில் ஒரு சமதளம் என்பதால், ஏற்ற இறக்கத்தை வைத்தும் திசை பிடிக்க முடியவில்லை. ஸ்டோருக்குத் திரும்புவதாக நினைத்து நடந்தேன். ஒரு செடியில் நீல உரச்சாக்கு தொங்கியது. தாண்டிப் போனேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி அதே உரச்சாக்கு.

என் மக்குத்தனம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிற்பாடு படித்ததில் கொஞ்சம் ஆறுதல். 2009-ல் ஜெர்மனியில் ஆட்களைக் காட்டுக்குள் நேராக நடக்கச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். வெயில் தெரிந்தபோது ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் வட்டமடித்து, தாங்கள் வந்த தடத்தையே தெரியாமல் குறுக்கே கடந்தார்கள்.

மூளையில் திசைக்கென்றே தனி நரம்பணுக்கள் உண்டு. 1984-ல் ஜேம்ஸ் ராங்க் என்பவர் எலியிடம் அவற்றைக் கண்டார். எங்கே நின்றாலும் சரி, தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பும்போதுதான் அந்தந்த அணு துடிக்கும். காந்த ஊசி மாதிரி அதற்கு வடக்கெல்லாம் தெரியாது. உள்காதின் அரைவட்டக் குழாய்கள் 'இவ்வளவு திரும்பினாய்' என்று சொல்வதைக் கூட்டிக்கொண்டே போகும். எங்கள் எடைநோட்டு போலத்தான்: திங்கட்கிழமை கூட்டலில் ஒரு கிலோ பிசகினால் சனிக்கிழமை வரை அது கூடவே வரும். வழியில் தெரிந்த அடையாளம் ஏதாவது பட்டால் கணக்கு நேராகும். படாவிட்டால் நடக்க நடக்கப் பிசகு ஏறும்.

சாக்குப் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டேன். கூடலூர் அக்கா ஒருவர் இலையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, வழி தெரியலையா?"

"இந்தச் சாக்கையே சுத்திச் சுத்தி வர்றேன்க்கா."

"அது எங்க சாக்கு. காய் எடுத்துட்டு நகர நகர, அதையும் கூடவே கொண்டுபோய் மாட்டுவோம். அதைப் போயி அடையாளம் வச்சீங்களா?"

அப்படியானால் நான் வட்டமடித்தேனா, சாக்குதான் நடந்ததா? இன்றுவரை தெரியாது. எலி மூளை இந்த விஷயத்தில் என்னை விட உஷார். 1995-ல் ஒரு சோதனையில், சில எலிகளை ஒவ்வொரு முறையும் தலைசுற்ற வைத்தே கூண்டில் விட்டார்கள். அவற்றுக்குச் சுவரில் திசை அடையாளமாக இருந்த அட்டை, என் சாக்கு மாதிரி, தினம் ஒரு பக்கம் நிற்பதாகத் தோன்றியிருக்க வேண்டும். அவற்றின் திசையணுக்கள் அந்த அட்டையைச் சரியாகப் பின்பற்றவில்லை.

அக்கா என்னை அசையாமல் நிற்கச் சொன்னார்.

"ஓடைத் தண்ணி சத்தம் எந்தக் காதுல விழுகுது?"

"இடது காதுல."

"காலையில ஸ்டோர்ல இருந்து வரும்போது?"

யோசித்தேன். வலது காதில்.

அவ்வளவுதான். அதுவரை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த ஸ்டோர், சட்டென்று முன்னால் வந்து நின்றது. கூடவே ரோடு, ஜீப் நிற்கும் இடம், கம்பம் இருக்கும் திக்கு, எல்லாமே. கால் லேசாகத் தடுமாறியது. திசையணுக்கள் தனித்தனியாகத் திருந்துவதில்லையாம். திரும்பினால் எல்லாம் ஒரே அளவு சேர்ந்து திரும்பும்.

இப்போதும் எப்போதாவது குமுளி வழியாக பஸ்ஸில் ஊர் திரும்பும்போது தூங்கிவிடுவேன். லோயர்கேம்ப்பில் முழித்தால் பஸ் மறுபடி மலைக்கே போவது போல இருக்கும். பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் கண்ணில் பட்டதும் உலகம் ஒரு சுற்றுச் சுற்றிச் சரியாக உட்காரும். சில நாள் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பேன்.