மடங்காத கத்தி, மெல்லிய அலகு: செதுக்கிப் பார்த்ததில் தெரிந்தது

காட்டு நடைக்கு, கூடாரம் அடித்துத் தங்குவதற்கு, சும்மா உட்கார்ந்து மரம் செதுக்குவதற்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மடங்காத கத்தி வேண்டும். அதுவும் தொலைந்துபோனால் தூக்கம் கெடாத விலையில் வேண்டும். இப்படித்தான் தேட ஆரம்பித்தேன். இப்போது கையில் மூன்று இருக்கின்றன. ஒன்று, ஸ்வீடனின் மோராக்னிவ் செய்யும் கம்பானியன், துருப்பிடிக்காத எஃகு ரகம். இரண்டாவது, 1095 கார்பன் எஃகில் 4 மி.மீ. தடிமனுள்ள முழுவால் கத்தி. அதாவது அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடும். மூன்றாவது, ‘சர்வைவல்’ என்ற பெயரில் விற்கிறார்களே, அந்த ரகம்: 5 மி.மீ. தடிமன், முதுகில் ரம்பப் பற்கள், கறுப்புப் பூச்சு. மூன்றிலும் விலை குறைந்தது கம்பானியன். அதிகம் உழைப்பதும் அதுதான். அது ஏன் என்று புரிந்துகொள்ளத்தான் இத்தனை கட்டைகள் தீர்ந்தன.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை வேண்டுமே. கனடாவில் காட்டுக் கலைகளைக் கற்றுக்கொடுத்த மோர்ஸ் கோச்சான்ஸ்கியின் ‘ட்ரை ஸ்டிக்’ பயிற்சி இதற்குத் தோதாக இருந்தது. ஒரே குச்சியில் சாய்வெட்டு, சதுர வெட்டு, பாத்திரம் தொங்கவிடும் கொக்கி வெட்டு, துளை, உருண்டை முனை என்று வரிசையாகச் செதுக்கிக்கொண்டே போவது. கத்தியின் குறையும் கையின் குறையும் அதில் ஒளிய இடமே இல்லை. ஒரே கிளையிலிருந்து வெட்டிய குச்சிகளில் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன்.

கம்பானியன் நீளமாக, மெல்லிய சுருளாகச் சீவியது. 1095 பரவாயில்லை, ஆனால் சதுர வெட்டின் அடித்தளம் சமமாக வரவில்லை, அலை அலையாக வந்தது. தடிக் கத்தி மரத்துக்குள் கொஞ்ச தூரம் போனதும் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பிளக்க ஆரம்பித்தது. கூர் போதாது என்று நினைத்து நன்றாகத் தீட்டி, தாளைச் சத்தமில்லாமல் அறுக்கும் அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டினேன். அதே கதைதான். விளிம்பு வெட்டி முடித்த இடத்துக்குள் பின்னால் வரும் தடிமன் நுழைய வேண்டும். நுழைய முடியாதபோது அது ஆப்பாகி மரத்தை விரிக்கிறது. கூர் எவ்வளவு இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

இங்கேதான் எனக்குக் கத்தி வாங்கும் கணக்கே மாறியது. மோரா போன்ற ஸ்கேண்டிநேவியக் கத்திகளில் இரண்டு பக்கமும் ஒரே ஒரு அகலமான சரிவு. அது நேராக விளிம்பில் போய் முடியும். இதை ஸ்கேண்டி கிரைண்ட் என்கிறார்கள். அந்தச் சரிவை மரத்தின் மேல் படுக்க வைத்தால் தச்சனின் உளி மாதிரி தானாகவே ஒரே ஆழத்தில் ஓடும். சரிவின் கோணத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஓர் அளவுகோல் போதும். முதுகின் தடிமனையும் சரிவின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரம் தடிமனைப் போல இரண்டேகால் மடங்கு இருந்தால் இரு பக்கமும் சேர்த்து 25 பாகை. மரவேலைக்கு நல்ல கோணம் அது. இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 30 பாகை, அதுவும் சமாளிக்கும். தடிமனும் உயரமும் கிட்டத்தட்ட சமமாக வந்தால் ஐம்பது பாகையைத் தாண்டிவிடும், அதை வைத்துக்கொண்டு செதுக்க முடியாது. கம்பானியனில் 2.5 மி.மீ. தடிமனுக்கு ஐந்தரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே சரிவு. என் தடிக் கத்தியில் 5 மி.மீ.க்கு வெறும் ஆறு. கணக்குப் போட்டால் 45 பாகை வருகிறது. விற்பவர் தடிமனைப் போட்டிருந்தால், பக்கவாட்டில் எடுத்த நல்ல படம் ஒன்றை வைத்தே இதைத் தோராயமாகப் பார்த்துவிடலாம். இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், எஃகின் பெயரை அப்புறம்தான்.

1095 கத்திக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது முதுகிலிருந்தே மெல்ல மெலிந்து வந்து, விளிம்பில் இன்னொரு குட்டிச் சரிவோடு முடியும் ரகம். ஆழமாக வெட்ட அது நல்லதுதான். ஆனால் மரத்தின் மேல் படுக்க வைக்க அகலமான தளம் இல்லாததால் கோணத்தைக் கைதான் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. சதுர வெட்டில் வந்த அலைகளுக்குக் காரணம் அதுதான். இந்த ரகத்தில் அளக்க வேண்டியது, குட்டிச் சரிவு தொடங்கும் தோளின் தடிமன். என்னுடையதில் அது ஒரு மில்லிமீட்டர் இருந்தது. அதில் பாதி போதும்.

நீளம் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. உள்ளங்கையின் அகலம் இருந்தால் போதும், அதிகபட்சம் அதைப் போல இரண்டு மடங்கு என்பது கோச்சான்ஸ்கி சொல்லும் அளவு. கம்பானியனின் பத்து செ.மீ. சொச்சம் அதற்குள் வசதியாக அடங்குகிறது.

முழுவால் இல்லாத கத்தி உடைந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. கம்பானியனின் வால் பிடிக்குள் பாதிக்கு மேல் போய் நின்றுவிடுகிறது, கடைசி வரை போவதில்லை. நானும் தயங்கித்தான் வாங்கினேன். ஆனால் ஃபின்லாந்தின் பாரம்பரியக் கத்தியான புக்கோவைப் பாருங்கள்: மெல்லிய வால்தான், அதை மரப்பிடியின் நடுவே நுழைத்திருப்பார்கள். குளிர்காட்டில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த கத்தி அது. வால் எவ்வளவு நீளம் என்பதைவிட, அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் கூரிய உள்மூலை இல்லாமல் வளைவாக இருக்கிறதா என்பது முக்கியம். விரிசல் அங்கேதான் தொடங்கும். மோராக்னிவ்வே பின்னால் கார்பர்க் என்று முழுவால் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தது, 3.2 மி.மீ. தடிமன், விலையும் அதற்கேற்ப மேலே. செதுக்க மட்டும் என்றால் அந்தக் கூடுதல் காசுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

எஃகு விஷயத்தில் விலை குறைந்த கத்திகளிடம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ‘440’ என்று மட்டும் போட்டிருந்தால் அது ஏ ரகமா சி ரகமா என்று கேளுங்கள். சி-யில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஏ-யில் அதைவிட நன்றாகவே குறைவு. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. அலை அலையாகக் கோலம் ஓடும் மலிவு ‘டமாஸ்கஸ்’ கத்திகளில் எந்த எஃகுகளைச் சேர்த்து அடித்தார்கள் என்று சொல்லாவிட்டால் தள்ளிவிடுவது நல்லது. சில கத்திகளில் அந்தக் கோலமே மேலே பொறித்ததுதான். பெயர் தெளிவாக இருக்கும் எஃகுகள், உதாரணமாக 12சி27, 1075, 1095, 80சிஆர்வி2 இவற்றில் எதுவானாலும் சரி. கம்பானியனில் இருப்பது முதலாவது: 0.6 சதவீதம் கார்பன், 13.5 சதவீதம் குரோமியம், கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58. சுலபமாகத் தீட்டலாம், ஈரத்தைத் தாங்கும்.

கார்பன் எஃகு கூர் ஏறும் விதமே தனி, கல்லில் வைத்தால் உடனே பேசும். ஆனால் ஒரு தொந்தரவு உண்டு, அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. துவர்ப்புச் சத்து அதிகமுள்ள பச்சை மரத்தை அதை வைத்துச் செதுக்கினால், வெட்டிய வெள்ளை மரத்தில் நீலக் கறுப்பாகக் கறை விழுகிறது. மரத்தின் டானினும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி ஆகிவிடும். கூடாரமுளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கரண்டிக்கு உறுத்தும். வினிகரில் ஊறவைத்து அலகைக் கறுப்பாக்கினால் துருவின் வேகம் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைத்துவிடுகிறேன். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதற்குள் மாதக்கணக்கில் விட்டால் துரு நிச்சயம்.

இனி தீட்டும் கதை. வாங்கிய காசைவிட இதில் போட்ட நேரம்தான் பெரிய முதலீடு. ஸ்கேண்டியின் அழகே கோணத்தை யோசிக்க வேண்டாம் என்பதுதான். சரிவு முழுவதையும் கல்லில் படுக்க வைத்துத் தள்ளினால் போதும். தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் தொட்ட உப்புத்தாளை ஒட்டிக்கொண்டு 400, 800, 1500, 2000 என்று ஏறுவேன். தொடங்கும் முன் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிடுவேன். நாலு தள்ளு தள்ளிவிட்டுப் பார்த்தால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று மை காட்டிக்கொடுத்துவிடும். என் கம்பானியனில் விளிம்பை ஒட்டி மயிரிழை அகலத்தில் மை அப்படியே நின்றது. அங்கே ஒரு குட்டிச் சரிவு ஏற்கெனவே இருந்தது. விளிம்பு சீக்கிரம் சிதையாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே வைப்பது அது. பொறுமையாக 400-இல் தேய்த்து அதையும் எடுத்துவிட்டேன். மறுபக்கம் விரல் நுனியைக் குறுக்காக வைத்து இழுத்தால் பிசிறு, அதாவது தேய்க்கும்போது விளிம்பில் மறுபக்கமாக எழும் மெல்லிய இரும்பு மடிப்பு, தட்டுப்பட வேண்டும், நுனி முதல் அடிவரை விட்டுப்போகாமல். தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பச்சைக் குரோமியம் ஆக்ஸைடு தடவிய தோல்பட்டையில் பின்பக்கமாக இழுத்தால் பிசிறு போய்விடும்.

அப்படித் தீட்டிய விளிம்பு, மென்மையான மரத்தில் சொர்க்கம். காய்ந்து வைரம் பாய்ந்த கட்டையின் கணுவில் ஏறியபோதுதான் விஷயம் தெரிந்தது. விளிம்பை மேலே பார்க்கப் பிடித்து விளக்கடியில் திருப்பினேன். கூரான விளிம்பு ஒளியைக் காட்டாது, கறுப்பாகத்தான் தெரியும். என்னுடையதில் நடுவில் இரண்டு இடங்களில் வெள்ளைப் புள்ளி மின்னியது. அந்த இடத்தில் விளிம்பு மடங்கியிருக்கிறது. நகத்தின் மேல் மெதுவாக ஓட்டினால் அங்கே மட்டும் தடுக்கியது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் தீட்டி முடித்ததும் 2000 தாளில், முதுகைச் சற்றே தூக்கிப் பிடித்து, பக்கத்துக்கு மூன்று நான்கு லேசான இழுப்பு கொடுக்கிறேன். தொழிற்சாலை வைத்த அதே குட்டிச் சரிவுதான், ஆனால் இன்னும் மெல்லியது. சுருள் சீவுவதில் வித்தியாசம் தெரியவில்லை. கணுவில் மின்னும் புள்ளிகள் மட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டன.

அடுத்து முதுகு. ஃபெரோ கம்பியில் உரசித் தீப்பொறி எடுக்க முதுகின் ஓரம் செங்கோணமாக, பிசிறில்லாமல் கூர்மையாக இருக்க வேண்டும். சுமார் 3,000 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பொறி கொட்டுவது அந்த ஓரம் கம்பியைச் சுரண்டுவதால்தான். கம்பானியனின் முதுகு அப்படி வருவதில்லை, ஓரம் மழுங்கலாக இருக்கும். வைரக் கல்லைச் சமதளத்தில் வைத்து, கத்தியை நேர் செங்குத்தாக நிறுத்தி, முதுகை முன்னும் பின்னுமாகத் தேய்த்தேன். விளிம்பில் தடித்த டேப்பைச் சுற்றிக்கொள்வது கட்டாயம். முதுகு முழுவதையும் கூராக்கவில்லை. நுனிக்கு அருகில் நாலு விரற்கடை மட்டும்தான். பிடியை ஒட்டிய பகுதி கட்டைவிரலுக்கு. நுணுக்கமான வெட்டுகளில் அங்கேதான் பெருவிரல் அழுத்தும். அங்கே கூரான ஓரம் இருந்தால் அரை மணியில் தோல் உரிந்துவிடும். ரம்பப் பல் வைத்த முதுகுகளை நான் ஒதுக்குவதற்கும் இதே காரணம்தான். அந்தப் பற்கள் மரத்தையும் சரியாக அறுப்பதில்லை, விறகு பிளக்கும்போது முதுகில் தட்டும் கட்டையைத்தான் கடித்துக் குதறுகின்றன.

கத்தியைக் கட்டையின் மேல் வைத்து, முதுகில் தட்டிப் பிளப்பதற்குத் தடிமன் வேண்டும் என்பது பாதி உண்மை. தடிக் கத்தி அதில் மட்டும் ஜெயித்தது, மறுக்கவில்லை. ஆனால் மணிக்கட்டுப் பருமனுள்ள, கணு இல்லாத கட்டையைக் கம்பானியனே பிளந்துவிடுகிறது. இரும்பால் தட்டக் கூடாது; மரக்கட்டையாலோ கொட்டாப்புளியாலோ மட்டும். நுனி மறுபக்கம் இரண்டு மூன்று செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அங்கேதான் தட்டு விழும். அதைவிடப் பெரிய கட்டை என்றால் கத்தியால் வாய் மட்டும் திறந்துவிட்டு, மரத்திலேயே ஆப்பு சீவி அடித்து இறக்கிவிடுவேன். கத்திக்கு வலியில்லை.

பிடியைப் பற்றி ஒரே விஷயம்தான்: விளிம்பு பிடியை ஒட்டியே தொடங்க வேண்டும். பலம் வேண்டிய வெட்டெல்லாம் பிடிக்கு அருகில்தான் விழும். விரல் வைக்க என்று அரைவட்டமாகக் குடைந்திருக்கும் கத்திகளில் அந்த இடமே காணாமல் போய்விடுகிறது. விரல் வழுக்காமல் இருக்க வைக்கும் பெரிய தடுப்பும் செதுக்கும்போது இடிக்கும். அப்புறம், உட்கார்ந்து செதுக்கும்போது தொடைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டாதீர்கள். அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்காலுக்கு அப்பால் கையை நீட்டி வெட்டுங்கள். வெளியே எடுத்துப்போகும் முன் போகிற இடத்தின் சட்டத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய நிலவரம்: கம்பானியன் இடுப்பில். தடிக் கத்தி குழி தோண்டவும் விறகு பிளக்கவும் மட்டும். 1095-இன் தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு மி.மீ. இருந்தது முக்கால் ஆகியிருக்கிறது, சதுர வெட்டில் அலையும் குறைந்திருக்கிறது. அரை வரும்வரை விடுவதாக இல்லை. கரண்டியின் குழியை நேரான அலகால் குடைய முடியாது என்பதால் மோராக்னிவ்வின் 164 கொக்கிக் கத்திக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதன் உள்வளைவு தட்டைக் கல்லில் படியாது. உருண்டைக் கம்பில் உப்புத்தாளைச் சுற்றித்தான் தீட்ட வேண்டும். கம்பு தயார், கத்தி வர வேண்டியதுதான் பாக்கி.