செகெத் சந்தையில் சுவைச் சொற்கள் படித்த கதை

மேல்படிப்புக்காக ஹங்கேரியின் தெற்கே இருக்கும் செகெத் நகரத்துக்கு வந்தேன். வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் கேன்டீனிலும் சந்தையிலும் ஆங்கிலம் எடுபடவில்லை. வயிற்றுப்பாடு தீர்ந்தால்தானே படிப்பு? அதனால் முதலில் சாப்பாட்டுச் சொற்களைப் பிடிப்பது என்று இறங்கினேன். இங்கே வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் என் கையில் இருந்தது, ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஹங்கேரியச் சொல் போட்ட ஒரு பட்டியல். ஸ்வீட்டுக்கு ஏதெஷ், சால்ட்டிக்கு ஷோஷ், சவருக்கு ஷவன்யூ, பிட்டருக்கு கெஷெரூ. இந்த நாலும் சுலபம். எஸ் எழுத்தைக் கண்டால் 'ஷ' என்று படிக்க வேண்டும், எஸ்ஸும் இசட்டும் சேர்ந்து வந்தால்தான் 'ஸ'. எந்தச் சொல்லானாலும் முதல் அசையில் அழுத்தம். இவ்வளவு தெரிந்தாலே பாக்கெட்டில் இருப்பதை வாய்விட்டுப் படித்துவிடலாம்.

சிக்கல் 'ஹாட்' என்ற இடத்தில் வந்தது. சூப் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஃபொர்ரோ, காரமாக இருந்தால் சீப்போஷ். ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. நமக்கோ சூடு வேறு, காரம் வேறு. சரி, நடுவில் ஆங்கிலம் எதற்கு என்று அந்தப் பத்தியை அடித்துவிட்டுத் தமிழை எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் சொற்கள் மனதில் தங்க ஆரம்பித்தன. இங்கே வருகிற தமிழர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: பட்டியலைத் தமிழில் போடுங்கள்.

காரத்துக்கு எரோஷ் என்றும் சொல்வார்கள், பலமானது என்று பொருள். காரம் இல்லாத மிளகாய்க்கு ஏதெஷ், அதாவது இனிப்பு. ஏதெஷ்னெமெஷ் என்று போட்ட மிளகாய்த்தூளில் சர்க்கரை எதுவும் கிடையாது. நல்ல சிவப்பு நிறமும் மணமும் உண்டு, காரம் பேருக்குத்தான். நம்மூர்க் குழம்பு வைக்க வேண்டுமென்றால் எரோஷ் என்று போட்டதைத் தேட வேண்டும்.

பாக்கெட்டை நம்பலாம், சந்தைக் குவியலை நம்ப முடியாது. மார்ஸ் சதுக்கத்துச் சந்தையில் வெளிர்மஞ்சளாக, கூர் நுனியோடு மிளகாய் குவிந்திருக்கும். ஒரு குவியல் காரம், பக்கத்துக் குவியல் காரமே இல்லை, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே நான் பாடம் கேட்டது ஒரு கடைக்கார நேனியிடம். வயதான பெண்களை இங்கே நேனி என்பார்கள், நாம் பாட்டியம்மா என்பது போல. "சீப்போஷ்?" என்று கேட்டேன். அவர் மிளகாயை நீளவாக்கில் பிளந்து, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெளிறிய நரம்பைக் கத்தி முனையால் தொட்டுக் காட்டினார். பிறகு சதையில் ஒரு துண்டு கொடுத்தார், காரமே இல்லை. நரம்போடு ஒரு துண்டு கொடுத்தார். நாக்கில் சுரீரென்று ஏறியது. காரம் அந்த நரம்பில்தான் இருக்கிறது. சீப் என்றால் கிள்ளு, கொட்டு என்று பொருள். தேனீ கொட்டினாலும் அதே வினைதான். அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் மறக்கவில்லை. (வைட்டமின் சி ஆராய்ச்சிக்கு ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி இதே ஊரின் மிளகாயைத்தான் பயன்படுத்தினார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை அதிகம், எனக்கும் ஒட்டிக்கொண்டது.)

சந்தையில் மிகவும் கைகொடுத்த வாக்கியம் "மெக்கோஷ்தோல்ஹதோம்?" ருசி பார்க்கலாமா என்று அர்த்தம். வேண்டியதைக் கேட்க "கேரெக்" போதும். கேட்கிற பொருளின் கடைசியில் ஒரு 'ட்' சேர வேண்டும், நம் ஐ உருபு மாதிரி. கூலாஷ் என்று உலகம் சொல்லும் குயாஷ் இங்கே சூப்தான். அதை வாங்க "கேரெக் குயாஷ்ட்". வேற்றுமை உருபோடு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

புளிப்பில்தான் இவர்களுக்கு உயிர். ஊறுகாய் வகைக்கே ஷவன்யூஷாக், அதாவது புளிப்பு என்று பெயர். கோடையில் வீட்டுக்கார அம்மா வெள்ளரிக்காயைக் கீறி, சதகுப்பைக் கீரையோடு ஜாடியில் அடுக்கி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ரொட்டித் துண்டை வைத்து வெயிலில் விட்டார். சில நாளில் தண்ணீர் கலங்கி, பழைய சோற்றுத் தண்ணீர் போல நுரைத்துப் புளித்தது. மோர்ச்சோற்றுக்கு அபாரமான ஜோடி. தெய்ஃபோல் என்ற புளித்த பாலாடை எதன் மேலும் வரும். எனக்கு அது காரக்குழம்பின் மேல்கூடப் பிடித்துப்போனது.

கடைசியாகத் துவர்ப்பு. நான் வைத்திருந்த ஆங்கிலப் பட்டியலில் அது இடம்பெறவே இல்லை. பச்சை பிர்ஷ் பழத்தை, ஆங்கிலத்தில் குவின்ஸ் என்பார்கள், கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தபோது வீட்டுக்கார அம்மாவே எடுத்துக் கொடுத்தார்: ஃபன்யர். நாக்கை இழுத்துப் பிடிக்கும் அதே சுவை. ஆறு சுவைக்கும் சொல் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. விருந்துக்குப் போனால் தட்டு காலியானதும் மறுபடி நிரப்புவார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு "யோல்லக்தம்". நல்லா இருந்தது என்பதற்கு "ஃபினோம் வோல்ட்". இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.