அண்ணனுடைய முறை

ஜனவரி 18, சனி

அம்மாவுக்குக் கஞ்சி இறங்குகிறது. இட்லி இறங்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பழைய கணினியைத் தூசி தட்டி எழுப்பினேன். உள்ளே விசிறி விசைத்தறி மாதிரி கத்துகிறது. சேலத்தில் தறி ஓடும் அம்மாபேட்டையில் பிறந்தவளுக்கு அது தாலாட்டுதான்.

அண்ணனும் நானும் பாதியில் விட்ட ஹீரோஸ் விளையாட்டின் கோப்பு அப்படியே இருக்கிறது. 2007 மே மாதம் சேமித்தது. மூன்று கணினி மாறியும் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆட்டத்துக்குள் மூன்றாம் மாதம், இரண்டாம் வாரம், ஏழாம் நாள். திறந்ததும் சிவப்புக் கொடியும் அவன் பெயரும் வந்து நின்றன. ஒரே கணினியில் இருவர் ஆடும்போது அடுத்தவர் எழுந்து போவதற்காக வரும் அறிவிப்பு அது. அதைத் தாண்டிச் சொடுக்கினால் அவன் படை, அவன் கஜானா எல்லாம் தெரிந்துவிடும். பார்த்தால் கேட்க யாரும் இல்லை.

மூடிவிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

அம்மாவுக்குப் பரிசோதனைக்காகச் சதைத் துணுக்கு எடுத்துவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முடிவு பிப்ரவரி 3, திங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

"சின்னதுதான்" என்றார் டாக்டர். எவ்வளவு சின்னது என்று நான் கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஹீரோஸ் மூன்றாம் பாகத்தில் எதிரியின் எண்ணிக்கையை இலக்கத்தில் சொல்ல மாட்டார்கள், சொல்லில்தான் சொல்வார்கள். 'ஃபியூ' என்றால் ஒன்றிலிருந்து நான்கு. 'பேக்' பத்திலிருந்து பத்தொன்பது. 'ஹோர்டு' ஐம்பதிலிருந்து தொண்ணூற்றொன்பது. 'லீஜியன்' என்று வந்தால் ஆயிரத்துக்கு மேல், ஓடிவிட வேண்டியதுதான். அந்தச் சொற்கள் எனக்கு மனப்பாடம், அதனால் பயமில்லை. டாக்டர்களின் சொற்களுக்கும் அப்படி ஒரு அட்டவணை இருந்தால் தேவலை.

தாழ்வாரத்தில் அம்மாவின் நடைக்கு நடந்தேன். ஆட்டத்திலும் படையில் மிக மெதுவான ஆள் யாரோ அவர் வேகத்தில்தான் அதை நடத்தும் வீரன் அன்று நகர முடியும். குள்ளர்களைச் சேர்த்துக்கொண்டவள் இதைப் பற்றிக் குறைசொல்லக் கூடாது.

ஜனவரி 22, புதன்

அண்ணன் பேசினான். காப்பிப் பழம் பறிப்பு முடியவில்லையாம், ஆள் கிடைக்கவில்லையாம். எப்போது கிடைத்திருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

மணி இரண்டேகால். அம்மா தூங்குகிறாள், நான் தூங்கவில்லை.

1999இல் வந்த விளையாட்டு. எங்கள் வீட்டுக்கு 2003இல் வந்தது, அண்ணன் ஒரு குறுந்தகட்டைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆடுகிறேன். எல்லோரும் இதைப் போர் விளையாட்டு என்கிறார்கள். எனக்கு இது திங்கட்கிழமை விளையாட்டு. மரம் சேர்க்கலாம், தாது சேர்க்கலாம், தங்கத்தை மலையாகக் குவிக்கலாம். ஆள் மட்டும் வாரத்தின் முதல் நாள் விடிந்தால்தான் கிடைக்கும். பச்சை டிராகன் வாரத்துக்கு ஒன்று, கோட்டையை முழுதாகக் கட்டியிருந்தால் இரண்டு. காசை நீட்டினால் புதன்கிழமை பிறக்காது.

அதனால்தான் ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அப்படிக் கனக்கின்றன. இருப்பதை வைத்து இன்றே அடிப்பதா, விடியட்டும் என்று மதிலுக்குள் இருப்பதா? எனக்கு இரண்டு டிராகன் வருமென்றால் அவனுக்கும் ஏதோ வரும். அவன் எப்போதும் செத்தவர்களின் நகரமான நெக்ரோபோலிஸ்தான் எடுப்பான். போரில் செத்தவர்களில் ஒரு பங்கு எலும்புக்கூடாக எழுந்து அவன் பக்கமே சேரும். ஜெயிக்க ஜெயிக்கப் பெருகுகிற படை. அது அநியாயம் என்று நான் அழுதிருக்கிறேன், பதினெட்டு வயதில், வெட்கமில்லாமல்.

2002இல் வந்த நான்காம் பாகத்தில் இந்தத் திங்கட்கிழமையை எடுத்துவிட்டார்கள். ஆட்கள் தினமும் வளர்ந்தார்கள். வீரனே களத்தில் இறங்கிச் சண்டை போட்டான், வீரனில்லாமலும் படை நடந்தது, அதையெல்லாம் மன்னிக்கலாம். ஆனால் பால்காரர் ஊற்றுவதுபோல நாள்தோறும் படை ஊற்றினால் எதற்காகக் காத்திருப்பது? அடுத்த ஆண்டே அதை வெளியிட்ட 3டிஓ நிறுவனம் திவாலானது. காரணம் இதுவல்ல என்று தெரியும். இருந்தாலும் எனக்குள் ஒரு சின்னத் திருப்தி. யூபிசாஃப்ட் உரிமையை வாங்கி 2006இல் ஐந்தாம் பாகத்தைக் கொண்டுவந்தபோது வாரக் கணக்கு திரும்பி வந்தது. முப்பரிமாணம், அழகுதான். கேமராவைச் சுழற்றிச் சுழற்றித் தலை சுற்றியதுதான் மிச்சம். மறுபடி மூன்றுக்கே வந்துவிட்டேன்.

அம்மா இருமுகிறாள்.

ஜனவரி 25, சனி

தட்டுவடை செட் வேண்டும் என்றாள். விழுங்க முடியாது என்று தெரிந்தும் வாங்கிவந்தேன். கேரட்டையும் பீட்ரூட்டையும் ஒதுக்கிவிட்டு, தட்டையில் பூசியிருந்த பச்சைச் சட்னியை மட்டும் விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் தட்டைகளை என்னிடம் நீட்டி, "நமத்துப் போவதற்குள் சாப்பிடு கண்ணு" என்றாள். ஆறையும் அவள் எதிரிலேயே தின்றேன். ஒவ்வொரு கடிக்கும் அந்தச் சத்தம்.

ஜனவரி 27, திங்கள்

இது அந்தத் திங்கள் இல்லை. கொலுசுப் பட்டறைக் கணக்கில் இரண்டு முறை கூட்டலில் பிழை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜனவரி 29, புதன், தை அமாவாசை

அண்ணன் முதல் பஸ்ஸில் இறங்கிவந்தான். சட்டையில் காப்பித் தொலி நாற்றம். பையில் மிளகும் ஒரு சீப்பு மலைவாழையும். அப்பாவுக்குப் படைத்தோம். காகம் வர நேரமாயிற்று. வடையை விட்டுவிட்டுச் சோற்றை எடுத்தது. "அப்பாவேதான்" என்றாள் அம்மா.

மத்தியானம் அவள் தூங்கியதும் கணினியைக் காட்டினேன். வெகுநேரம் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்துவிட்டாயா?"

"இல்லை அண்ணா."

"ஒரு தடவைகூடவா?"

பதில் சொல்லாமல் மொட்டைமாடிக்குப் போனேன். அதுதான் அந்தக் காலத்து விதி. ஒருவர் ஆடும்போது மற்றவர் மாடிக்குப் போய்விட வேண்டும். சேர்வராயன் மலை வெயிலில் மங்கலாக நின்றது. இரவாக இருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டி விளக்குகள் தெரியும், எந்த வெளிச்சம் எந்த வளைவு என்று பந்தயம் கட்டுவோம். பத்து நிமிடம் கழித்துக் கீழிருந்து குரல் வந்தது. "முடித்துவிட்டேன்."

போகும்போது அறிக்கையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.

ஜனவரி 30, வியாழன்

நீலக் கொடி. என் பெயர். திறந்தேன்.

அவன் வீரன் என் மதில் வாசலில் நிற்கிறான். வலது பொத்தானை அழுத்திப் பார்த்தேன். எலும்புக்கூடுகள்: ஹோர்டு. நூறைத் தொடாது. லீஜியன் என்று நினைத்துப் பதினெட்டு ஆண்டு பயந்திருக்கிறேன். இவ்வளவுதானா அண்ணா?

ஜனவரி 31, வெள்ளி

காலையிலிருந்து யார்மேலோ கோபம். மலையிலிருந்து இறங்க ஒன்றரை மணி நேரம், அவனுக்கு மாதக்கணக்கில் நேரமில்லை. பழம் காத்திருக்காதாம். அம்மா காத்திருப்பாளாம்.

கோபத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2015இல் மூன்றாம் பாகத்தை மெருகேற்றி மறுபடி விற்றார்கள், கூடுதல் பாகங்கள் இரண்டும் அதில் இல்லை. மூல நிரல் தொலைந்துவிட்டதாம். வீட்டுப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு வீட்டை விற்கிற கதை. சம்பளமில்லாத ரசிகர்கள் 2011இலேயே கடற்கொள்ளையர் நகரம் ஒன்றைப் புதிதாகக் கட்டி, அசலா நகலா என்று தெரியாதபடி உள்ளே பொருத்திவிட்டார்கள். பிரியம் இருக்கிறவனிடம் கொடுத்திருந்தால் ஒரு வரிகூடத் தொலைந்திருக்காது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று முழுக்க வீட்டைவிட்டு நகரவில்லை. புதையலைத் தோண்ட வேண்டுமென்றால் அன்று வீரன் ஓரடிகூட நடந்திருக்கக் கூடாது, ஒரு முழு நாளின் நடையைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். ஓரடி வைத்துவிட்டால் மறுநாள்தான்.

அம்மா மூன்று டம்ளர் கஞ்சி குடித்தாள். மூன்று.

பிப்ரவரி 3, திங்கள்

முடிவு வரவில்லை. பார்க்க வேண்டியவர் விடுப்பாம், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்றேன். பின்னால் இருந்தவர் "கொஞ்சம் நகருங்கள் அம்மா" என்ற பிறகுதான் நகர்ந்தேன்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டது: "வாழைப்பழம் தீர்ந்துவிட்டதா?"

பிப்ரவரி 4, செவ்வாய்

தீரவில்லை. கறுத்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

அண்ணன் நாளை வருகிறானாம். பறிப்பு முடிந்ததா என்றேன். முடியவில்லை, விட்டுவிட்டு வருகிறேன் என்றான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பின்னால் யாரோ களத்தில் காப்பிக்கொட்டையை வாரும் சத்தம், சரசரவென்று.

"உன் முறையை முடித்துவிட்டாயா?"

ஏழாம் நாள். என் முறையை முடித்தால்தான் அடுத்த வாரம் பிறக்கும். வாசலில் நிற்பவனை அடிக்கவில்லை, கதவையும் திறக்கவில்லை. ஆறு நாளாக ஆட்டம் அப்படியே திறந்துகிடக்கிறது.

இல்லை என்றேன். அவசரமில்லை, அப்படியே இருக்கட்டும் என்றான்.