பாடங்கள் முடிந்தன, சான்று முடியவில்லை: ஐகெட்சியால் பட்ட பாடு

கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரி எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து (கம்யூனிட்டி காலேஜ்) கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லும் மாணவர்கள், இளங்கலைப் பொதுக்கல்வித் தேவைகளை ஐகெட்சி (IGETC) என்னும் பாடத்தொகுப்பின் வழியே முன்கூட்டியே முடித்துவிடலாம் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகத் தொடங்குவோருக்கு அதன் இடத்தில் கால்-கெட்சி (Cal-GETC) என்னும் புதிய தொகுப்பு வந்துவிட்டது. நான் பழைய தொகுப்பில் படித்தவள். கணிதம், சமூக அறிவியல், ஆய்வகத்துடன் கூடிய அறிவியல் ஆகியவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் ஆங்கிலத்திற்குப் புறம்பான மொழி என்னும் பிரிவில் தொடங்கியது. தொகுப்பை முடித்துவிட்டதாகச் சமுதாயக் கல்லூரி தரும் சான்றுக்கான சரிபார்ப்பில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருப்பதாகவும், ஒரு பருவம் ஸ்பானிஷ் எடுத்தால் நிரம்பிவிடும் என்றும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். யூனிட்டுக்கு, அதாவது பாட அளவின் ஓர் அலகுக்கு, 46 டாலர் என்ற கணக்கில் ஐந்து யூனிட் பாடத்துக்கு 230 டாலர் ஆகும். பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த ஒரு பாடத்துக்காக மாறிச் செல்வதே ஓராண்டு தள்ளிப்போகும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் என்றதற்கு, கல்லூரியின் பாடப்பட்டியலில் தமிழே இல்லை என்ற பதில் வந்தது.

ஐகெட்சி விதித்தொகுப்போ வேறு விதமாகச் சொல்கிறது. ஆறாம் வகுப்பு அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில், ஆங்கிலம் அல்லாத மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளியில் இரண்டாண்டுகள் சி அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் படித்திருந்தால் இந்தப் பிரிவு நிறைவடைந்துவிடும். அந்த மொழி கல்லூரியில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. தமிழ்வழியில் படித்தவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம், ஏனெனில் யாரும் வலியச் சொல்லப் போவதில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சென்று, அலுவலரிடம் அல்லாமல் மாணவர்களுக்குப் பாட ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரிடம் காட்டிய பிறகே பேச்சு நகர்ந்தது. ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார் அவர்.

ஆதாரம் என்பது எளிதாகக் காதில் விழுந்த சொல்லாக இருந்தது. என் மதிப்பெண் பட்டியல்கள் ஒவ்வொன்றும் ஒரே ஓர் ஆண்டின் பொதுத்தேர்வைத்தான் காட்டின. விதி கேட்பதோ இரண்டாண்டுப் படிப்பை. சேர்ந்த நாளும் விலகிய நாளும் பயிற்றுமொழியும் ஒன்றாக இருக்கும் மாற்றுச் சான்றிதழின் மூலப்படியை, வழக்கம்போல் அடுத்த நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஜெராக்ஸைக் கல்லூரி ஏற்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது, தமிழக அரசு வேலைக்கான இருபது விழுக்காடு முன்னுரிமைக்காகத் தமிழ்வழியில் படித்தோர் வாங்கும் பி.எஸ்.டி.எம். சான்றிதழ். அதைப் பள்ளிகள் அடிக்கடி வழங்கிப் பழகியிருப்பதால், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்தெந்த ஆண்டுகளில் தமிழ்வழியில் படித்தேன் என்பதை ஆங்கிலத்தில் எழுதி முத்திரையிட்டுத் தருவதில் தலைமையாசிரியருக்குத் தயக்கமே இருக்கவில்லை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காக வாங்கும் தாள் கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் வகுப்பிலிருந்து என்னைக் காப்பாற்றும் என்று யார் நினைத்திருப்பார்கள்! நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணில் சி எங்கே இருக்கிறது என்ற அடுத்த கேள்விக்கு, வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றின் அறிக்கையை இணைத்துக் கொடுத்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சலுகை மொழிப் பிரிவுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியக் கல்லூரியில் முடித்த ஆங்கிலத் தாளையோ கணிதத்தையோ ஐகெட்சியில் சேர்க்க முடியாது. அதற்காக மன்றாடுவது வீண் அலைச்சல். உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடத்துக்கான ஏ.பி. தேர்வு எழுதிய பிள்ளைகளும் கவனிக்க வேண்டும்: ஆங்கில ஏ.பி. முதல் கட்டுரைப் பாடத்துக்கு ஈடாகும், இரண்டாவதான திறனாய்வுச் சிந்தனைப் பாடத்துக்கு ஆகாது. எந்தப் பாடத்திலும் சி மைனஸ் செல்லாது.

இத்தனைக்கும் பிறகு, எல்லாம் முடிந்தது என்று நான் நிம்மதியடைந்த வேளையில், நான் மாறிச் சென்ற பல்கலைக்கழக வளாகத்தின் இணையக் கணக்கில் பொதுக்கல்வி நிறைவடையவில்லை என்று காட்டியது. டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் கல்லூரி மதிப்பெண் பதிவேடு போய்ச் சேர்ந்திருந்தது, சான்றளிப்பு போகவில்லை. அது தனி விண்ணப்பம், கேட்டவர்களுக்கு மட்டுமே அனுப்புவோம் என்றது அதே கல்லூரி அலுவலகம், பல மாதங்களாக என் கோப்பை அந்தச் சான்றுக்காகவே புரட்டிக்கொண்டிருந்த பின்னரும். சான்று இல்லையென்றால் ஒவ்வொரு பாடமும் வளாகத்தின் சொந்த விதிப்படி தனித்தனியே அளக்கப்படும்; இரண்டாண்டு உழைப்பின் பயன் அங்கே கரைந்துவிடும்.

ஆகவே கடைசிப் பருவத்தின் மதிப்பெண்கள் பதிவானதும், டிரான்ஸ்கிரிப்டுடன் சேர்த்தே சான்றளிப்பையும் எழுத்தில் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகளில் படித்திருந்தால், மற்றவற்றின் டிரான்ஸ்கிரிப்டுகள் கடைசிக் கல்லூரிக்கு முன்னதாகவே வந்திருக்க வேண்டும். பொறியியலுக்குச் செல்வோர் ஐகெட்சியைத் தொடுவதற்கு முன் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் அங்கே துறைக்கென முன்கூட்டியே முடிக்க வேண்டிய பாடங்களே அதிகம் என்பதால் பல வேளைகளில் இந்தத் தொகுப்பு பொருந்துவதில்லை. எனக்கு முழுச் சான்றளிப்பு என்ற வரி கணக்கில் ஏறியது, வகுப்புகள் தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான்.